மின்சாரம் திரும்பியதும் முதல் வேலை: லினக்ஸ் எழும்போது தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் அமைவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கணினியை அணைக்க ஆள் தேவையில்லை. கற்பூர மரத்தின் கிளையொன்று மின்கம்பியில் சாய்ந்தால் போதும். சமவெளியில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வர் மாதக்கணக்கில் அணையாமல் ஓடும். கட்டபெட்டிலோ அரவேணுவிலோ மேசைக்கு அடியில் கிடக்கும் சின்னக் கணினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது அடிக்கடி அணைகிறது, அடிக்கடி எழுகிறது. ஆகவே மலையில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், அது எழும் நேரத்தில் என்னவெல்லாம் செய்கிறது என்பதைச் சற்றுக் கூடுதலாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அப்படித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் ஒன்று தற்காலிகக் கோப்புகள். பெயரைக் கேட்டதும் குப்பை என்று தோன்றும். எப்போது அழிப்பது என்பதைத் தவிர அதில் கேட்க என்ன இருக்கிறது என்றும் தோன்றும். என் அனுபவத்தில் அழிப்பது எளிது. அழிந்துபோன இடத்தை, மறுபடி எழும்போது, சரியான உரிமையாளர் பெயரில், சரியான அனுமதியோடு, கேட்பவர் கேட்பதற்கு முன்பே அமைத்துவைப்பதுதான் கடினமான பாதி. தொல்லைகள் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் முளைக்கின்றன.

தேயிலைக் கொழுந்து எடைபோடும் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்னணுத் தராசிலிருந்து கம்பி வழியாக எடை ஒரு கணினிக்கு வருகிறது. அதை வாங்கிப் பதிவுசெய்ய ஒரு சேவை பின்னணியில் ஓடுகிறது. ரசீது அச்சிடும் நிரல், அந்தச் சேவையோடு ஒரு சாக்கெட் கோப்பு (இரண்டு நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாகப் பேசுகிறது. அந்தச் சாக்கெட் இருக்கும் இடம் ‘/ரன்/எடை’ என்ற அடைவு, அதாவது ஃபோல்டர். நிரலை நிறுவ வந்தவர் அந்த அடைவைக் கையால் உருவாக்கினார், உரிமையாளரை மாற்றினார், ஓட்டிக் காட்டினார், பஸ் ஏறிப் போய்விட்டார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிறகு ஒரு நாள் மழை, மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் கணினி எழுகிறது, திரை வருகிறது, இணையம் வருகிறது, எடை மட்டும் வரவில்லை. பதிவேட்டில் ஒரே வரி: ‘/ரன்/எடை: அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.’ வெளியே கொழுந்து மூட்டைகளோடு வரிசை நீள்கிறது.

அடைவை யாரும் போய் அழிக்கவில்லை. அது இருந்த இடமே நினைவகத்தில், அதாவது ரேமில், இருந்தது. மின்சாரம் போனதும் இடமும் போயிற்று.

மேலே போவதற்கு முன் ஒரு நடைமுறைக் குறிப்பு. அடைவுப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே வாயில் சொல்லும் ஒலிப்படியே எழுதுகிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். ‘/டெம்ப்’ என்று நான் எழுதுவது டி, எம், பி என்ற மூன்றே எழுத்துகள். ‘/இடிசி’ என்பதும் இ, டி, சி என்ற மூன்று எழுத்துகள்தான்.

லினக்ஸில் தற்காலிகத்துக்கு மூன்று இடங்கள் உண்டு. மூன்றின் ஆயுளும் வேறு. ‘/டெம்ப்’ என்பது யார் வேண்டுமானாலும் எதையும் போட்டுவைக்கும் பொது இடம். ஒரு நிரல் தான் அங்கே வைத்த கோப்பு அடுத்த முறை ஓடும்போதும் இருக்கும் என்று நம்பக்கூடாது என்பது, கோப்பு அமைப்புப் படிநிலைக்கான தரநிலை சொல்லும் விதி. ‘/வார்/டெம்ப்’ சற்று நீண்ட ஆயுள் கொண்டது. கணினி அணைந்து எழுந்தாலும் அங்கிருப்பவை தங்க வேண்டும். பெரிய காணொளியைத் திருத்தும்போது நடுவில் உருவாகும் கனமான கோப்புகள் போன்றவற்றுக்கு அது பொருத்தம். மூன்றாவது ‘/ரன்’. இது பயனர்களுக்கான இடம் அல்ல, சேவைகளுக்கான இடம். எந்தச் சேவை எந்தச் செயல்முறை எண்ணில் ஓடுகிறது, அதோடு பேச எந்தச் சாக்கெட், யார் எதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பன போன்ற, ‘இப்போது’ மட்டுமே உண்மையாக இருக்கும் தகவல்கள் அங்கே இருக்கும். கணினி அணைந்தபின் அந்தத் தகவல்களுக்குப் பொருளே இல்லை. இருந்தால் பொய்யாகத்தான் இருக்கும். நேற்றைய செயல்முறை எண்ணில் இன்று வேறொரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

மூன்றில் ‘/ரன்’தான் இளையது. முன்பு இந்த வேலையை ‘/வார்/ரன்’ செய்துவந்தது. ‘/வார்’ தனி வட்டிலோ தனிப் பகுதியிலோ இருந்தால், அது இணைக்கப்படும்வரை, தொடக்கத்தின் முதல் கட்டத்தில் ஓடும் நிரல்களுக்கு எழுத இடமே இருக்காது. ஆளுக்கொரு மூலையில் மறைத்து எழுதிவந்தார்கள். சிலர் கருவிக் கோப்புகளுக்கான ‘/டெவ்’ அடைவுக்குள்கூட எழுதினார்கள். 2011இல் முதன்மையான லினக்ஸ் வெளியீடுகள் ‘/ரன்’ என்ற ஒரே இடத்துக்கு ஒத்துக்கொண்டன. 2015இல் வந்த தரநிலையின் 3.0 பதிப்பு அதை முறைப்படி ஏற்றது. இன்று ‘/வார்/ரன்’ என்பது பெரும்பாலான கணினிகளில் ‘/ரன்’னைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே. பழைய நிரல்கள் பழைய பெயரைக் கூப்பிட்டாலும் புதிய வீட்டுக்கே வந்துசேரும்.

‘/ரன்’ இருப்பது டெம்ப்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில். வட்டு போலவே நடந்துகொள்ளும், ஆனால் பொருள் முழுவதும் நினைவகத்தில். சன் நிறுவனத்தின் யூனிக்ஸில் 1980களின் கடைசியிலேயே இந்தக் கருத்து இருந்தது, லினக்ஸுக்கு அதன் மையப் பகுதியான கர்னலின் 2.4 பதிப்போடு 2001இல் வந்தது. அளவைச் சொல்லாமல் ஏற்றினால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ள அனுமதி. பாதியை உடனே பிடித்துவைத்துக்கொள்ளாது. கோப்பு வரவரத்தான் இடம் எடுக்கும். ரேம் நெருக்கடியானால், வட்டில் அதற்கென ஒதுக்கிய ஸ்வாப்புக்கும் தள்ளப்படும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2013இல் வந்த 18ஆம் பதிப்பில் ‘/டெம்ப்’பையும் இப்படி நினைவகத்துக்கு மாற்றியது. இன்னொரு வெளியீடான டெபியன் வெகுகாலம் தயங்கி, 2025இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் மாறியது.

எஸ்டி அட்டையில் ஓடும் ராஸ்பெர்ரி பை வகைக் கணினிகளுக்கு இந்த மாற்றம் நல்லது. அட்டையில் எழுத்து குறைந்தால் அதன் ஆயுள் கூடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் அட்டை கெடும் வாய்ப்பும் குறையும். ஆனால் 1 ஜிபி ரேம் உள்ள கணினியில் யாராவது ‘/டெம்ப்’பில் ஒரு படத் தொகுப்பைப் பிரித்துப் போட்டால் மூச்சு முட்டும். அந்த வேலைக்கு ‘/வார்/டெம்ப்’பைக் காட்டிவிடுவது புத்திசாலித்தனம். ‘/டெம்ப்’ பழையபடி வட்டிலேயே இருக்கட்டும் என்று நினைக்கும் டெபியன்காரர்கள், டெம்ப்.மவுண்ட் என்ற அலகை சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் மாஸ்க் செய்து, அதாவது தொடங்கவிடாமல் தடுத்து, கணினியை மறுபடி தொடக்கினால் போதும்.

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். கர்னல் எழுகிறது, முதல் செயல்முறையாக, மற்றச் சேவைகளையெல்லாம் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி எழுகிறது. ‘/ரன்’ மிக முன்னதாகவே, வெறுமையாக, ஏற்றப்படுகிறது. வட்டின் மற்றப் பகுதிகள் சோதிக்கப்பட்டு இணைக்கப்படுகின்றன. அதன் பிறகு, எந்தச் சாதாரணச் சேவையும் தொடங்குவதற்கு முன், சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ்-செட்டப் என்ற சின்னச் சேவை ஒருமுறை ஓடி முடிகிறது. நம் கொட்டகையின் கதை முழுவதும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. சேவைகளுக்கான பயனர் பெயர்களை உருவாக்கும் வேலை இதற்கும் முன்னதாக முடிந்துவிடும். இந்த வரிசை தற்செயலானது அல்ல. ‘எடை’ என்ற பயனரே இல்லாதபோது ‘எடை’ பெயரில் அடைவை எப்படி எழுதிவைப்பது?

சிஸ்டம்டி 2010இல் வந்தது. அதற்கு முன்பு இந்த வேலையை ஷெல் ஸ்கிரிப்டுகள், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகள், செய்தன. ஒவ்வொரு சேவையின் தொடக்க ஸ்கிரிப்டிலும் ‘அடைவு இல்லையென்றால் உருவாக்கு, உரிமையாளரை மாற்று, அனுமதியை மாற்று’ என்று மூன்று நான்கு வரிகள் இருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். பழைய கோப்புகளைக் களைய ரெட் ஹாட் பக்கம் டெம்ப்வாட்ச், டெபியன் பக்கம் டெம்ப்ரீப்பர் என்று தனி நிரல்கள் இருந்தன. வேலை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ‘இந்தக் கணினியில் எந்தெந்தத் தற்காலிக அடைவுகள் இருக்க வேண்டும்?’ என்று கேட்டால், பதில் சொல்ல எல்லா ஸ்கிரிப்டையும் திறந்து படிக்க வேண்டியிருந்தது.

சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் கருவியின் வழி வேறு. எப்படிச் செய்வது என்று எழுதாதே, என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் எழுது என்கிறது. கொட்டகைக் கணினிக்கு வேண்டியது ஒரே வரி. ‘/இடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி’ என்ற அடைவில் ‘எடை.கான்ஃப்’ என்று ஒரு கோப்பை உருவாக்கி, அதில்:

டி  /ரன்/எடை  0750  எடை  எடை  -  -

ஏழு கட்டங்கள். முதல் கட்டத்தில் இருக்கும் எழுத்து, டைரக்டரி என்பதன் முதலெழுத்து, சிறிய வடிவில். இப்படி ஓர் அடைவு இருக்கட்டும் என்று பொருள். ஏற்கெனவே இருந்தால் உள்ளிருப்பதைத் தொடாமல் உரிமையையும் அனுமதியையும் மட்டும் சரிபார்க்கும். இரண்டாவது, பாதை. மூன்றாவது, அனுமதி: உரிமையாளர் எல்லாம் செய்யலாம், குழுவினர் உள்ளே போய்ப் படிக்கலாம், மற்றவர்களுக்கு வாசலே கிடையாது. ரசீது அச்சிடும் நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவரை ‘எடை’ குழுவில் சேர்க்க வேண்டும் என்பது இந்த எண்ணிலிருந்தே தெரிகிறது. (சாக்கெட்டோடு பேச அந்தச் சாக்கெட் கோப்பின் மீதும் எழுதும் அனுமதி வேண்டும், அதைச் சேவை தானே அமைக்கும்.) நான்காவதும் ஐந்தாவதும் உரிமையாளரும் குழுவும். ஆறாவது ஆயுள், இங்கே சிறு கோடு, அதாவது வயதைப் பார்த்து எதையும் அழிக்காதே. ஏழாவது கூடுதல் விவரத்துக்கு. அடைவுக்கு அது தேவையில்லை.

இதை எழுதியபின் மின்சாரம் எத்தனை முறை போனால் என்ன, கணினி எழும் ஒவ்வொரு முறையும் அடைவு காத்திருக்கும்.

முதல் கட்டத்தில் வரும் எழுத்துகள் பல. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய அவசியம் இல்லை, நான்கைந்து தெரிந்தால் வண்டி ஓடும். டைரக்டரியின் முதலெழுத்தைப் பெரிய வடிவில் எழுதினால், அடைவு இருக்க வேண்டும், ஆனால் நீக்கும் கட்டத்தில் உள்ளிருப்பதைக் காலிசெய் என்று ஆகிவிடும். சிறிய எஃப், இல்லாத கோப்பை உருவாக்கும். பெரிய எல், ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு, போடும். சிறிய ஆர், ஒரு கோப்பை நீக்கும். பெரிய ஆர், அடைவோடு மொத்தமாக நீக்கும். சிறிய எக்ஸ், ‘துப்புரவு செய்யும்போது இந்தப் பக்கம் திரும்பாதே’ என்று சொல்லும். ஒரு எழுத்தின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் இவ்வளவு வேறு வேறு வேலை செய்வது எனக்குப் பிடித்த வடிவமைப்பு அல்ல. ஷிஃப்ட் விசையில் விரல் தங்கிவிட்டால் ‘வைத்திரு’ என்பது ‘காலிசெய்’ என்றாகிவிடுகிறது.

எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி வரலாம். இந்த வரியைக் கணினி தொடங்கும்போது மட்டும் செயல்படுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போது தொடாதே என்று அதற்குப் பொருள். மின்வெட்டு ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை எளிதில் புரியும். வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ் சர்வர், தான் ஓடுவதைக் காட்ட ‘/டெம்ப்/.எக்ஸ்0-லாக்’ என்று ஒரு பூட்டுக் கோப்பை வைக்கும். முறையாக அணைத்தால் அதைத் தானே எடுத்துவிடும். மின்சாரம் சட்டென்று போனால் எடுக்க நேரம் ஏது? ‘/டெம்ப்’ வட்டில் இருக்கும் கணினியில் அந்தப் பூட்டு அப்படியே தங்கும். அடுத்த முறை எழும் எக்ஸ் சர்வர், ஏற்கெனவே ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று பின்வாங்கக்கூடும். எனவே சிஸ்டம்டியோடு வரும் வரிகளில் ஒன்று, இந்தப் பூட்டுக் கோப்புகளைச் சிறிய ஆரும் ஆச்சரியக்குறியும் போட்டு நீக்கச் சொல்கிறது. ஆச்சரியக்குறி இல்லாமல் இருந்திருந்தால், யாரோ பகலில் டெம்ப்ஃபைல்ஸை ஓட்டும்போது உயிரோடு இருக்கும் சர்வரின் பூட்டும் பறிபோகும்.

இந்த வரிகள் முதன்மையாக மூன்று இடங்களிலிருந்து திரட்டப்படுகின்றன. தொகுப்புகளோடு வருபவை ‘/யூஎஸ்ஆர்/லிப்/டெம்ப்ஃபைல்ஸ்.டி’யில். அந்தந்த ஓட்டத்துக்கு மட்டும் உரியவை ‘/ரன்/டெம்ப்ஃபைல்ஸ்.டி’யில். கணினியின் பொறுப்பாளர் எழுதுபவை ‘/இடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி’யில். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் கோப்பு இருந்தால் இடிசியில் இருப்பதே செல்லும். எனவே தொகுப்போடு வந்த கோப்பைத் திருத்தக்கூடாது. அதே பெயரில் இடிசியில் ஒன்று எழுதினால் போதும். திருத்தினால் அடுத்த மேம்படுத்தலில் உங்கள் திருத்தம் காணாமல் போகும். ஒரு கோப்பு வேண்டவே வேண்டாம் என்றால், அதே பெயரில் இடிசியில், எப்போதும் வெறுமையாக இருக்கும் ‘/டெவ்/நல்’லுக்கு ஒரு சிம்லிங்க் போட்டு அணைத்துவிடலாம்.

அடுத்து, வயதைப் பார்த்துத் துடைக்கும் வேலை. கணினி எழுந்து 15 நிமிடம் கழித்து ஒருமுறை, பிறகு நாளுக்கு ஒருமுறை, ஒரு டைமர் துப்புரவை எழுப்பும். சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பில் ‘/டெம்ப்’புக்கு 10 நாள், ‘/வார்/டெம்ப்’புக்கு 30 நாள். டெபியன் முன்பு இதை ஏற்காமல், தொடக்கத்தில் ‘/டெம்ப்’பைக் காலிசெய்வதோடு நிறுத்திக்கொண்டது. 13ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவினால் அங்கும் 10 நாள், 30 நாள் கணக்குதான். வயது என்பது கடைசியாகத் திருத்திய நேரம் மட்டும் அல்ல. கடைசியாகப் படித்த நேரம், கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரம் ஆகியவையும் சேர்த்துப் பார்க்கப்படும். எல்லாமே பழையதாக இருந்தால்தான் அழியும். நான் அவ்வப்போது திறந்து படிக்கும் கோப்பு பிழைத்துக்கிடப்பதற்கு இதுவே காரணம்.

வயதுக் கணக்குக்குக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் மலைக்கே உரிய ஒரு சிக்கல். ராஸ்பெர்ரி பையில் 5ஆம் மாதிரிக்கு முன்பு வந்தவற்றில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. 5இல் இருக்கிறது, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடிகாரம் இல்லாத கணினி, கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து எழும். பிறகு இணையம் கிடைத்ததும் நேரம் ஒரே தாவாகச் சரியாகும். மண்சரிவு, மரம் விழுதல் என்று ஒரு குக்கிராமத்தில் இரண்டு வாரம் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணினி எழுகிறது; இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியில் ஒரு நிரல் ‘/டெம்ப்’பில் கோப்பு ஒன்றை எழுதுகிறது. ஐந்து நிமிடத்தில் இணையம் வந்து தேதி தாவுகிறது. பிறந்து சில நிமிடமே ஆன கோப்புக்கு இப்போது 14 நாள் வயது. யாரும் அதைத் தொடாமல் இருந்தால், 15ஆவது நிமிடத்தில் வரும் துப்புரவு அதைக் கிழடு என்று நினைத்து எடுத்துவிடலாம். ஓடும் சேவைக்குத் தேவையான எதையும் ‘/டெம்ப்’பில் வைக்காமல், வயது குறிக்காத ‘/ரன்’ அடைவில் வைத்தால் இந்தத் தொல்லை கிட்ட வராது. பேட்டரியோடு வரும் சின்னக் கடிகார மாட்யூல் ஒன்றைப் பொருத்துவதும் நல்ல செலவுதான்.

‘/டெம்ப்’பின் அனுமதி எண் 1777. பின்னால் வரும் மூன்று ஏழுகளுக்கு, யாரும் எழுதலாம் என்று பொருள். முன்னால் நிற்கும் 1தான் காவல். ஸ்டிக்கி பிட் என்பார்கள். சந்தைத் திடலில் யார் வேண்டுமானாலும் சாக்கை விரித்துக் கடை போடலாம், ஆனால் அடுத்தவர் சாக்கைச் சுருட்டக்கூடாது என்பதைப் போல, அடைவில் எழுத எல்லோருக்கும் உரிமை இருந்தாலும் ஒருவர் கோப்பை இன்னொருவர் நீக்கவோ பெயர் மாற்றவோ இந்த பிட் விடாது. கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், முழு அதிகாரம் கொண்ட பயனரான ரூட் ஆகியோருக்கு மட்டுமே அந்த அதிகாரம். இந்த பிட் 1970களின் யூனிக்ஸில் வேறு வேலைக்காக, அடிக்கடி ஓடும் நிரலை ஸ்வாப்பில் ஒட்டவைப்பதற்காக, வந்தது. அடைவுக் காவல் வேலை அதற்கு 1986இல் 4.3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் கிடைத்தது. தொடக்கத்தில் ‘/டெம்ப்’பை அமைக்கும்போது டெம்ப்ஃபைல்ஸ் இந்த 1ஐ மறக்காமல் போடுகிறது. கையால் உருவாக்கும் பலர் 777 என்று போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

காவல் இருந்தும் ஓர் ஓட்டை உண்டு. ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஒரு நிரல், எளிதில் யூகிக்கக்கூடிய பெயரில், ‘/டெம்ப்/ரசீது’ என்று எழுதும் என்று ஒருவருக்குத் தெரிந்தால், அதே பெயரில் முன்கூட்டியே ஒரு சிம்லிங்க் போட்டு, கடவுச்சொல் கோப்பின் பக்கம் திருப்பிவிடலாம். நிரல் ரசீது எழுதுவதாக நினைத்து வேறெதையோ அழித்து எழுதிவிடும். 2012இல் வந்த லினக்ஸ் 3.6 கர்னலிலிருந்து, இப்படிப்பட்ட பொது அடைவுகளில் அந்நியர் போட்ட சிம்லிங்கைப் பின்தொடராமல் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பி நிரல் எழுதக்கூடாது. ஷெல்லில் எம்கேடெம்ப், சி மொழியில் எம்கேஎஸ்டெம்ப் ஆகியவை யூகிக்க முடியாத பெயரை உருவாக்கித் தரும். சிஸ்டம்டி சேவைக் கோப்பில் ‘பிரைவேட்டெம்ப்=யெஸ்’ என்று ஒரு வரி சேர்த்தால், அந்தச் சேவைக்கு மட்டும் தெரியும் தனி ‘/டெம்ப்’ கிடைத்துவிடும்.

கொட்டகைக் கணக்கை இன்னொரு விதமாகவும் தீர்க்கலாம். சேவைக் கோப்பிலேயே ‘ரன்டைம்டைரக்டரி=எடை’ என்று எழுதினால், சேவை தொடங்கும்போது ‘/ரன்/எடை’யைச் சிஸ்டம்டி உருவாக்கும்; சேவை நின்றதும் எடுத்துவிடும். உபுண்டுவிலும் டெபியனிலும், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை இந்த வழியில்தான் ‘/ரன்/எஸ்எஸ்எச்டி’ அடைவைப் பெறுகிறது. கன்டெய்னர் என்ற தனிப்படுத்திய சூழலுக்குள் சிஸ்டம்டி இல்லாமல் அதே நிரலை நேராக ஓட்டுபவர்கள், அந்த அடைவு இல்லை என்ற பிழைச்செய்தியைக் கண்டு திகைப்பதும் இதனால்தான். அடைவு நிரலோடு வருவதில்லை, தொடக்க ஏற்பாட்டோடு வருகிறது. ஒரே சேவை மட்டும் பயன்படுத்தும் அடைவு என்றால் எனக்கு இந்த வழியே பிடிக்கிறது. இரண்டு மூன்று நிரல்கள் பங்கிடும் அடைவு, சேவை நின்றாலும் இருக்க வேண்டிய அடைவு என்றால் டெம்ப்ஃபைல்ஸ் வரிதான் சரி.

பெயரில் ‘டெம்ப்’ இருப்பதை நம்பி ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. டெம்ப்ஃபைல்ஸ் நிரந்தர அடைவுகளையும் உருவாக்கும். ‘/ஹோம்’ இல்லாத கணினியில் அதை உருவாக்கச் சொல்லும் வரியும் அதனிடம் இருக்கிறது. 2024 ஜூனில் வெளியான சிஸ்டம்டி 256இல் பர்ஜ் என்ற புதிய தேர்வு வந்தது. வரிகள் உருவாக்கியதாகச் சொல்லும் எல்லாவற்றையும் நீக்குவது அதன் வேலை. தற்காலிகக் கோப்புகள்தானே துடைக்கப்படும் என்று ஒருவர் அதை ஓட்டினார். ‘/ஹோம்’ அடைவு முழுவதும் துடைக்கப்பட்டது. அடுத்து வந்த 256.1இல், எந்த அமைப்புக் கோப்பு என்று பெயர் சொல்லாமல் பர்ஜ் ஓடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். குற்றம் யாருடையது என்று இரு பக்கமும் வாதிட்டார்கள். என்னைக் கேட்டால், கருவியின் பெயர் அதன் வேலையைவிடச் சிறியதாக இருந்ததுதான் கோளாறு.

லினக்ஸ் அல்லாத யூனிக்ஸ் குடும்பத்திலும் இதே வேலை வேறு உருவில் நடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ‘ஆர்சி.கான்ஃப்’ கோப்பில் ‘கிளியர்_டெம்ப்_எனேபிள்’ என்பதை யெஸ் ஆக்கினால் தொடக்கத்தில் ‘/டெம்ப்’ காலியாகும். இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

வரி எழுதியாயிற்று, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடுத்த மின்வெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரூட்டாக ‘சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் --கிரியேட்’ என்று தட்டி, பின்னால் உங்கள் கான்ஃப் கோப்பின் பாதையைக் கொடுத்தால் அந்த ஒரு கோப்பு மட்டும் உடனே செயல்படும். ‘--கேட்-கான்ஃபிக்’ என்று கேட்டால், மூன்று இடங்களிலும் திரட்டிய எல்லா வரிகளையும், எந்தக் கோப்பிலிருந்து வந்தவை என்ற குறிப்போடு, வரிசையாகக் காட்டும். 256 முதல் ‘--ட்ரை-ரன்’ என்றும் ஒன்று இருக்கிறது. எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். அழிக்கும் எழுத்து எதுவும் உங்கள் வரியில் இருந்தால் முதலில் இதை ஓட்டிப் பாருங்கள். கடைசியாக ஒருமுறை நீங்களே கணினியை மறுதொடக்கம் செய்து, ‘எல்எஸ் -எல்டி /ரன்/எடை’ என்று கேட்டுப் பாருங்கள். உரிமையாளர், குழு, அனுமதி மூன்றும் நீங்கள் எழுதியபடி வர வேண்டும். வரவில்லையென்றால் ‘ஜர்னல்சிடிஎல் -பி’ என்று தட்டி, -யூ என்ற குறியோடு சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ்-செட்டப் சேவையின் பெயரையும் கொடுங்கள். எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் தடுக்கியது என்று அங்கே எழுதியிருக்கும். பெரும்பாலும் பயனர் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கும்.